எல்லைக்கு வெளியே பிறந்த சங்கம்: அலபாமாவின் எட்டாண்டுத் தடை

அமெரிக்க ஒன்றியத்தில் ஒரு நிறுமம், அதாவது தனி மனிதரைப் போலச் சொத்து வைத்திருக்கவும் ஒப்பந்தம் செய்யவும் வழக்காடவும் சட்டம் உருவாக்கிய செயற்கை ஆள், ஏதேனும் ஒரு மாநிலத்தின் பதிவேட்டில்தான் பிறக்கிறது. அந்த மாநிலத்தின் எல்லையைக் கடந்ததும் அது அயலாகிவிடுகிறது. நியூயார்க்கில் பதிவான சங்கம் ஆற்றுக்கு மறுகரையிலுள்ள நியூஜெர்சியில் அலுவலகம் திறந்தாலும் அங்குள்ள சட்டத்துக்கு அது ‘அயல் நிறுமம்’தான். இந்தியாவில் நிறுமச் சட்டம் நாடு முழுமைக்கும் ஒன்று என்பதால், சென்னையில் பதிவான நிறுமம் பெங்களூரில் கிளை திறக்கும்போது தன் இருப்பையே கர்நாடக அரசிடம் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. ஆகையால் இந்த ஏற்பாடு தமிழ் வாசகருக்குச் சற்று விந்தையாகத் தோன்றக்கூடும். அமெரிக்க மாநிலங்களிலோ, வெளியிலிருந்து வரும் நிறுமம் தன் அமைப்பாவணத்தின் படியைத் தாக்கல் செய்து, நீதிமன்ற அழைப்பாணையைத் தன் சார்பில் பெற்றுக்கொள்ள உள்ளூரில் ஒரு முகவரைப் பெயர் குறித்து, செயலுரிமைச் சான்றிதழ் ஒன்றைப் பெற வேண்டும். அதை வழங்குபவர் பதிவேடுகளைப் பராமரிக்கும் மாநிலச் செயலாளர். அந்த உரிமை மூன்று வழிகளில் முடிவுக்கு வரலாம்: நிறுமம் தானே விலகிக்கொள்ளலாம், அலுவலர் சான்றிதழை நீக்கலாம், அல்லது மாநில அரசு வழக்குத் தொடுத்து நீதிமன்ற ஆணையால் நிறுமத்தை வெளியேற்றலாம். மூன்றாவது வழி இலாப நோக்கற்ற ஒரு சங்கத்தின் மீது திருப்பப்பட்ட வரலாறே இங்கு பேசப்படுகிறது.

இந்த வரலாற்றின் கடுமையான வழக்கு அலபாமாவில் நடந்தது. அதற்கு ஆதாரமான கோட்பாடும் அதே மாநிலத்தின் துறைமுகமான மொபீலில் எழுந்த ஒரு கடன் தகராறிலிருந்தே பிறந்தது. ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டா வங்கி மொபீலில் இருந்த தன் முகவர் மூலம் வணிக உண்டியல்களை வாங்கி வந்தது. 1837ஆம் ஆண்டின் பெரும் நிதி நெருக்கடியில் கடனாளிகள் பணம் கட்ட மறுத்தபோது, ஜார்ஜியாவில் பிறந்த வங்கிக்கு அலபாமா மண்ணில் ஒப்பந்தம் செய்யும் தகுதியே கிடையாது என்பது அவர்களின் வாதமாயிற்று. முதல் நிலையில் அந்த வாதம் வென்றது. ஆனால் 1839இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ரோஜர் டானி அதனைத் திருப்பிப்போட்டார்: நிறுமம் தன்னைப் படைத்த அரசின் எல்லைக்குள்தான் குடியிருக்க முடியும், வேறோர் இறையாண்மையின் நிலத்துக்குக் குடிபெயர முடியாது, எனினும் நட்பு நாடுகள் ஒன்றுக்கொன்று காட்டும் இணக்க மரியாதையைப் போல மாநிலங்களும் அயல் நிறுமங்களைச் செயல்பட விடுகின்றன என்றே கொள்ள வேண்டும், வெளிப்படையாகத் தடை செய்யும்வரை அந்த அனுமதி உண்டு. வழக்கில் வங்கி வென்றது. ஆனால் தீர்ப்பின் அடித்தளத்தில் உரிமை என்று ஒன்றும் வைக்கப்படவில்லை. வைக்கப்பட்டது மரியாதை மட்டுமே, அதை வேண்டும்போது திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

அடுத்த முப்பது ஆண்டுகளில் அந்த அடித்தளத்தின் மேல் கடுமையான சுவர்கள் எழுந்தன. நியூயார்க்கின் காப்பீட்டு நிறுவனங்களுக்காக வர்ஜீனியாவில் உரிமமின்றி முகவராகப் பணியாற்றிய சாமுவேல் பால் என்பவரின் வழக்கில், 1869இல் உச்ச நீதிமன்றம், அரசமைப்பு ஒரு மாநிலத்துக் குடிமகனுக்குப் பிற மாநிலங்களில் உறுதியளிக்கும் உரிமைகள் நிறுமத்துக்கு இல்லை என்றும், அயல் நிறுமத்தை முற்றாக விலக்கவோ விரும்பிய நிபந்தனையுடன் ஏற்கவோ மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்றும் தீர்த்தது. இதன் பின்னர் மாநிலங்கள் அயல் நிறுமச் சட்டங்களை வரிசையாக இயற்றின. அவற்றின் அன்றாட நோக்கம் எளியது, நியாயமானதும்கூட: வெளியூர்க் காப்பீட்டு நிறுவனமோ இரயில் நிறுவனமோ உள்ளூர்க்காரரிடம் பணம் வாங்கிக்கொண்டு மறைந்துவிடாமல், வழக்குத் தொடுத்தால் அழைப்பாணையை யாரிடம் கொடுப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். மீறியவர்க்கு அபராதம் உண்டு, உரிமமில்லாதவர் செய்த ஒப்பந்தம் நீதிமன்றத்தில் செல்லாது. இவற்றுக்கு மேலாக, ‘எந்த உரிமையால் இதைச் செய்கிறாய்’ என்று அரசே வினவும் பழைய ஆங்கிலேய வழக்கும் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. தகுதி வினவும் நீதிப்பேராணை என்று தமிழில் வழங்கும் இதனை 13ஆம் நூற்றாண்டில் முதலாம் எட்வர்ட் மன்னர் தன் பிரபுக்களின் அதிகாரங்களைச் சோதிக்கப் பெரிதும் பயன்படுத்தினார். 1683இல் இரண்டாம் சார்லஸ் இதைக் கொண்டே இலண்டன் மாநகரின் பட்டயத்தைப் பறித்தார். அமெரிக்காவில் இது பெருநிறுவனங்களை அடக்கும் கருவியாயிற்று. ஸ்டாண்டர்ட் ஆயில் குழுமத்தின் பிடியில் இருந்த, மிசூரியில் பதிவான வாட்டர்ஸ்-பியர்ஸ் எண்ணெய் நிறுவனத்தை டெக்சஸ் மாநிலம் இருமுறை வெளியேற்றியது. 1909இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த இரண்டாவது தீர்ப்பில் அபராதமே 16 இலட்சம் டாலரைத் தாண்டியது.

மாநிலங்களின் இந்த அதிகாரத்துக்கு எல்லை கட்டும் முயற்சியும் உடன் நிகழ்ந்தது. உள்ளே வருவதற்கு விலையாக அரசமைப்பு தரும் ஓர் உரிமையைக் கைவிடச் சொல்லும் நிபந்தனை செல்லாது என்ற கருத்து 1910க்குப் பின் வலுப்பெற்றது. மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் ஒன்றிய அரசுக்கே உரியது என்ற அரசமைப்பு விதியும் தந்தி நிறுவனங்களுக்கும் இரயில் நிறுவனங்களுக்கும் கவசமாயிற்று. கவனிக்க வேண்டியது என்னவெனில், இந்தக் கவசம் வணிகம் செய்பவர்க்கே பொருந்தியது. பொருள் எதையும் விற்காமல், எல்லை கடந்து சரக்கு எதையும் அனுப்பாமல், கூட்டம் கூடி, சந்தா வாங்கி, கருத்துப் பரப்பும் சங்கத்துக்கு அது எட்டவில்லை. இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கு இந்தச் சட்டங்கள் பொருந்துமா என்பதே நெடுங்காலம் தெளிவில்லாமல் இருந்தது. பொருந்தாது என்று எண்ணியே பல சங்கங்கள் பதிவு செய்யாமல் இருந்தன, மாநிலச் செயலாளர்களும் கேட்காமல் இருந்தனர். யாரும் பொருட்படுத்தாத இத்தகைய விதிகள் ஒருநாள் யாருக்காவது தேவைப்படும்போது ஆபத்தானவையாகின்றன.

நிறுமம் என்பது அரசின் படைப்பு என்ற வாதத்துக்கு இனப்பிரிவினையோடு முன்பே ஓர் உறவு இருந்தது. கென்டக்கியில் அடிமை ஒழிப்பாளர் நிறுவிய பெரியா கல்லூரியில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒன்றாகப் படித்து வந்தனர். 1904இல் அம்மாநிலம் அதைத் தடைசெய்து சட்டம் இயற்ற, கல்லூரி எதிர்த்து வழக்காடியது. 1908இல் உச்ச நீதிமன்றம், கல்லூரி மாநிலம் படைத்த நிறுமம் என்பதால் அதன் செயலுக்கு வரம்பு கட்ட மாநிலத்துக்கு உரிமை உண்டு என்ற குறுகிய காரணத்தைக் கூறி, மனிதரின் உரிமை பற்றிய வினாவைத் தொடாமலே விலகிக்கொண்டது. அத்தீர்ப்பை எதிர்த்து எழுதியவர் நீதிபதி ஜான் மார்ஷல் ஹார்லன். அதே பெயர் கொண்ட அவருடைய பேரன் ஐம்பது ஆண்டுகள் கழித்து இந்த வரலாற்றில் வருகிறார்.

அயல் சங்கத்தை வெளியேற்றும் கருவியின் முதன்மையான குறி 1920களில் கூ கிளக்ஸ் கிளான் என்னும் வெள்ளையர் வன்முறை அமைப்பாக இருந்தது என்பதைப் பின்னாளைய வாசகர் பலர் அறிவதில்லை. அந்த அமைப்பு ஜார்ஜியாவில் முறையாகப் பதிவான நிறுமம். கான்சஸ் மாநிலத்தில் அதன் வளர்ச்சியைக் கண்டு அஞ்சிய ஆளுநர் ஹென்றி ஆலன் 1922இல் அதை வெளியேற்ற வழக்குத் தொடுக்கச் செய்தார். முகமூடி அணிந்து ஆட்களை அடிப்பவர்களைத் தனித்தனியாகப் பிடித்துத் தண்டிப்பது கடினமாக இருந்த இடத்தில், கான்சஸில் செயல்படும் அனுமதியை இந்த அயல் நிறுமம் பெறவில்லை என்று நிறுவுவது எளிதாக இருந்தது. 1925 சனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்த்தது. நியூயார்க் மாநிலம் 1923இல் வேறொரு வழியை எடுத்து, உறுதிமொழி ஏற்கச் செய்யும் சங்கங்கள் தம் உறுப்பினர் பட்டியலை அரசிடம் தாக்கல் செய்ய வேண்டும் என்று விதித்தது. கிளான் உறுப்பினர் ஒருவர் எதிர்த்தபோது 1928இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லும் என்றது. லூசியானா 1924இல் இதே போன்ற சட்டத்தை இயற்றியது. மூன்றுமே அன்றைய நல்லெண்ணம் கொண்டோர் வரவேற்ற நடவடிக்கைகள். முப்பது ஆண்டுகளுக்குப் பின், கிளானின் பகைவர்களுக்கு எதிராக அலபாமாவின் வழக்குரைஞர்கள் எடுத்துக்காட்டிய முன்தீர்ப்புகளில் 1928ஆம் ஆண்டுத் தீர்ப்பே தலையாயது. லூசியானாவின் கிளான் எதிர்ப்புச் சட்டமோ 1956இல் நேராகவே கறுப்பினத்தவர் சங்கத்தின் மீது பாய்ந்தது.

அந்தச் சங்கம், கறுப்பின மக்கள் முன்னேற்றத் தேசியச் சங்கம். ஆங்கில எழுத்துகளின் சுருக்கமாக என்.ஏ.ஏ.சி.பி. என்று அறியப்படும் இது 1909இல் தொடங்கி, 1911இல் நியூயார்க்கின் இலாப நோக்கற்ற உறுப்பினர் நிறுமமாகப் பதிவானது. நீதிமன்றங்களில் படிப்படியாக இனப்பிரிவினைச் சட்டங்களை உடைப்பதே அதன் தனிச்சிறப்பான வழிமுறை. மாநிலங்களில் இயங்கிய கிளைகள் பெரும்பாலும் பதிவற்ற தனிச் சங்கங்கள். அலபாமாவின் முதல் கிளைகள் 1918இல் ஏற்கப்பட்டன, 1951இல் தலைமைச் சங்கமே பர்மிங்காம் நகரில் ஒரு வட்டார அலுவலகத்தைத் திறந்தது. அதில் மேற்பார்வையாளர் இருவர், எழுத்தர் ஒருவர். அலபாமாவின் அயல் நிறுமச் சட்டத்தின் கீழ் சங்கம் பதிவு செய்யவில்லை, ஏனெனில் அது தனக்குப் பொருந்தாது என்று கருதியது. முப்பத்தெட்டு ஆண்டுகள் மாநிலமும் அதைக் கேட்கவில்லை.

1954 மே மாதத்தில் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்த்த பின்னரே தெற்கு மாநிலங்களின் அரசுகள் பதிவேடுகளைப் புரட்டத் தொடங்கின. தீர்ப்பை நடைமுறைப்படுத்த ஒவ்வொரு ஊரிலும் ஒரு கறுப்பினப் பெற்றோர் வழக்காட முன்வர வேண்டும், அவருக்கு ஒரு வழக்குரைஞர் வேண்டும், அந்த வழக்குரைஞருக்குப் பின்னால் ஒரு சங்கம் வேண்டும். சங்கத்தை அகற்றினால் தீர்ப்பு ஏட்டோடு நின்றுவிடும் என்ற கணக்கு தவறானதல்ல. பெயர்ப் பட்டியலின் ஆற்றலும் அப்போது நன்கு தெரிந்திருந்தது. 1955இல் மிசிசிப்பியின் யாசூ நகரில் பள்ளிகளை ஒன்றாக்கக் கோரி 53 கறுப்பினத்தவர் மனு அளித்தபோது, வெள்ளைக் குடிமக்கள் மன்றம் என்ற அமைப்பு அவர்களின் பெயர்களைச் செய்தித்தாளில் வெளியிட்டது. வேலையும் கடனும் கடை வரவும் நின்றுபோக, ஏறத்தாழ அனைவரும் கையெழுத்தைத் திரும்பப் பெற்றனர். அடியாள் எவரையும் ஏவாமல், அச்சிட்ட ஒரு தாளே அந்த வேலையைச் செய்து முடித்தது.

அலபாமாவில் 1956இன் முதல் மாதங்கள் ஆட்சியாளரைக் கலங்க வைத்தன. மான்ட்கோமரி நகரில் ரோசா பார்க்ஸ் கைதானதைத் தொடர்ந்து 1955 டிசம்பரில் தொடங்கிய பேருந்துப் புறக்கணிப்பு நீண்டுகொண்டே சென்றது. பார்க்ஸ் தேசியச் சங்கத்தின் உள்ளூர்க் கிளைச் செயலாளராகப் பணியாற்றியவர். பிப்ரவரியில் ஆத்தரின் லூசி என்ற கறுப்பினப் பெண் சங்கத்தின் சட்ட உதவியோடு அலபாமா பல்கலைக்கழகத்தில் நுழைந்து, கும்பலின் வன்முறைக்குப் பின் வெளியேற்றப்பட்டார். இந்தப் பின்னணியில் 1956 சூன் 1ஆம் நாள் மாநிலத் தலைமை வழக்குரைஞர் ஜான் பேட்டர்சன், மான்ட்கோமரி மாவட்ட நீதிமன்றத்தில், தேசியச் சங்கம் பதிவு செய்யாத அயல் நிறுமம் என்றும், புறக்கணிப்புக்கும் லூசிக்கும் ஆதரவளித்து மாநிலத்துக்கு ஈடுசெய்ய முடியாத தீங்கு விளைவிக்கிறது என்றும் கூறி, அதை மாநிலத்திலிருந்தே வெளியேற்றுமாறு கோரினார். அன்றே, எதிர்த்தரப்பைக் கேளாமலே, நீதிபதி வால்டர் ஜோன்ஸ் இடைக்காலத் தடையாணை பிறப்பித்தார். அடுத்த ஆண்டு வெள்ளை இனத்துக்காகப் பேசுவதாகத் தலைப்பிட்டே செய்தித்தாளில் கட்டுரை எழுதிய நீதிபதி இவர்.

அந்த ஆணையை நுணுகிப் பார்க்க வேண்டும். அது சங்கம் அலபாமாவில் எந்தச் செயலிலும் ஈடுபடக் கூடாது என்றதோடு நிற்காமல், அம்மாநிலத்தில் செயலுரிமை பெறுவதற்கான எந்த நடவடிக்கையையும் சங்கம் எடுக்கக் கூடாது என்றும் தடுத்தது. பதிவு செய்யவில்லை என்பது குற்றச்சாட்டு. பதிவு செய்யக் கூடாது என்பது ஆணை. அழைப்பாணையைப் பெற ஒரு முகவர் வேண்டும் என்பதே சட்டத்தின் நோக்கமாக இருந்திருந்தால், படிவத்தை நிரப்பி முகவரை நியமித்த மறுகணமே வழக்கு முடிந்திருக்கும். அந்த முடிவைத் தவிர்ப்பதற்காகவே ஆணையின் இரண்டாம் பகுதி எழுதப்பட்டது என்பதைத் தவிர வேறு விளக்கம் காண்பது கடினம். விதியின் சொல் ஒன்றாகவும் அது செலுத்தப்பட்ட திசை வேறாகவும் இருந்தமைக்கு இதைவிடத் தெளிவான சான்று அந்த வழக்கின் நூற்றுக்கணக்கான பக்கங்களிலும் இல்லை.

தடையாணையை நீக்கக் கோரிச் சங்கம் மனுச் செய்தது. அந்த மனு விசாரணைக்கு வருமுன், சங்கத்தின் வங்கிக் கணக்குகள், சொத்து ஆவணங்கள் ஆகியவற்றோடு அலபாமாவிலுள்ள எல்லா உறுப்பினர்களின் பெயரையும் முகவரியையும் தாக்கல் செய்ய வேண்டும் என்று அரசு கேட்க, நீதிபதி ஒப்புக்கொண்டார். சங்கம் தன் நடவடிக்கைகள் பெரும்பாலானவற்றை ஒளிவின்றி ஒப்புக்கொண்டு, பதிவுக்கான படிவங்களை நிரப்பி நீதிமன்றத்திலேயே வைத்து, அனுமதித்தால் உடனே பதிவு செய்வதாகவும் கூறியது. ஆனால் பட்டியலைத் தரவில்லை. சூலை 25ஆம் நாள் அது நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளி என்று அறிவிக்கப்பட்டு 10,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. ஐந்து நாளில் பணியாவிட்டால் அபராதம் 1,00,000 டாலராக உயரும். ஐந்தாம் நாளில் சங்கம் பட்டியல் தவிர ஏறத்தாழ எல்லாவற்றையும் அளித்தது, அபராதமும் உயர்ந்தது. பொறியின் இறுதித் தாழ் இதற்குப் பின்னர்தான் விழுந்தது: அலபாமாவின் நடைமுறைச் சட்டப்படி, அவமதிப்புக் குற்றத்திலிருந்து விடுபடாத தரப்பு தடையாணையை எதிர்த்து வாதிட முடியாது. ஆகவே உறுப்பினர் பெயர்களைக் கொடுக்கும்வரை, தான் வெளியேற்றப்பட்டது சரியா தவறா என்ற அடிப்படைக் கேள்வியைச் சங்கம் எழுப்பவே வழியில்லை. இறுதித் தீர்ப்பு எதுவும் வழங்காமலே, தற்காலிகம் என்ற பெயரில், ஒரு மாநில அரசு ஒரு சங்கத்தை ஆண்டுக்கணக்கில் இல்லாமல் ஆக்கிவிட்டது. மாநில உச்ச நீதிமன்றமும் தன் பங்கைச் செய்தது: சங்கம் ஆவணக் கேட்புப் பேராணை கோரி வந்திருக்கிறது, கட்டளையுறுத்தும் நீதிப்பேராணை கோரி வந்திருக்க வேண்டும் என்று கூறி மனுவைத் தள்ளியது.

சங்கம் அகன்ற இடம் வெறுமையாக இருக்கவில்லை. மாநிலக் கிளைகளின் உறுப்பினர் சேர்க்கைப் பொறுப்பில் இருந்த பாதிரியார் பிரெட் ஷட்டில்ஸ்வர்த், தடையாணை வந்த நான்காம் நாளில், சூன் 5 அன்று, பர்மிங்காமின் சார்டிஸ் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் ‘மனித உரிமைகளுக்கான அலபாமா கிறித்தவ இயக்கம்’ என்ற புதிய அமைப்பைத் தொடங்கினார். அது அலபாமாவிலேயே பிறந்தது. அயல் நிறுமச் சட்டம் அதைத் தொட முடியாது. அதே ஆண்டுக் கிறிஸ்துமஸ் இரவில் அவருடைய வீடு குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது, அவர் உயிர் பிழைத்தார். மொபீலில் ஜான் லெஃப்ளோர் சார்பற்ற வாக்காளர் கழகம் என்ற அமைப்பின் வழியாகச் சங்கத்தின் பணிகளைத் தொடர்ந்தார். நியூயார்க்கின் வழக்குரைஞர்களை அகற்றிய அரசுக்கு, வழக்காடுவதில் மட்டும் நிறைவு காணாமல் தெருவில் இறங்கவும் சிறை செல்லவும் தயங்காத உள்ளூர்த் தலைமை எதிரே வந்து நின்றது. 1963இல் மார்ட்டின் லூதர் கிங்கைப் பர்மிங்காமுக்கு அழைத்து வந்து அந்நகரைப் போராட்டக் களமாக்கியதும் ஷட்டில்ஸ்வர்த்தின் இயக்கமே. ஆயினும் இதைக் கொண்டு தடை நன்மையாக முடிந்தது என்று கூறுவது பொருந்தாது. சிற்றூர்களில் கிளைகள் கலைந்தன, வட்டார அலுவலகம் அட்லாண்டாவுக்கு இடம்பெயர்ந்தது, பள்ளிச் சேர்க்கை வழக்குகளுக்குத் தேசிய அமைப்பின் பணமும் திறமையும் முன்போல் கிட்டவில்லை. அரசு கேட்டதும் அதுவே.

பிற தெற்கு மாநிலங்கள் இதே நோக்கத்துக்கு வேறு வேறு வழிகளை எடுத்தன. டெக்சஸ் 1956 செப்டம்பரில் டைலர் நகர நீதிமன்றத்தில் தடையாணை பெற்றது. ஆர்கன்சாவில் உரிமக் கட்டண விதியின் பெயரால் நகரங்கள் பட்டியல் கேட்டன. வர்ஜீனியா, வழக்குத் தூண்டுதல் குற்றத்தின் வரையறையை விரித்தது. புளோரிடாவில் சட்டமன்ற விசாரணைக் குழு வந்தது. இவற்றுள் பல உச்ச நீதிமன்றம்வரை சென்றன. ஆனால் ஒரு சங்கத்தை மாநிலம் முழுவதிலும் எட்டு ஆண்டுகள் முடக்கி வைப்பதில் அலபாமாவுக்கு இணையில்லை.

அலபாமா வழக்கு 1958 சனவரியில் கூட்டாட்சி உச்ச நீதிமன்றத்தில் வாதிடப்பட்டது. சங்கத்துக்காக அதன் வழக்குரைஞர் ராபர்ட் கார்ட்டர் வாதிட்டார். சூன் 30ஆம் நாள் ஒருமனதாக வந்த தீர்ப்பை எழுதியவர், பெரியா வழக்கில் மறுத்தெழுதிய நீதிபதியின் பேரனான இரண்டாம் ஜான் மார்ஷல் ஹார்லன். கருத்தைப் பரப்பவும் காக்கவும் மனிதர் ஒன்றுசேரும் உரிமை, அரசமைப்பின் பதினான்காம் திருத்தம் காக்கும் சுதந்திரத்தின் பிரிக்க முடியாத பகுதி என்றும், உறுப்பினர் பெயர்களை வெளியிடக் கட்டாயப்படுத்துவது அந்தச் சுதந்திரத்தை நேர்த் தடையைப் போலவே நசுக்கக்கூடும் என்றும் அவர் நிறுவினார். பெயர் வெளியான உறுப்பினர்கள் வேலையிழப்பையும் மிரட்டலையும் சந்தித்தமைக்குச் சான்று இருந்தது. சங்கம் அலபாமாவில் செயல்படுவதை ஒப்புக்கொண்டு, பதிவு செய்யவும் முன்வந்த பிறகு, அதற்கும் சாதாரண உறுப்பினரின் பெயருக்கும் என்ன தொடர்பு என்ற கேள்விக்கு மாநிலத்திடம் விடை இல்லை. 1928ஆம் ஆண்டுக் கிளான் தீர்ப்பை அவர் நீக்கவில்லை. கிளானின் வன்முறைத் தன்மையும், அது அரசுக்கு எந்தத் தகவலுமே தர மறுத்ததும் வேறுபாடு என்று கூறி ஒதுக்கி வைத்தார். அந்த வேறுபாடு சட்ட அறிஞர் அனைவரையும் நிறைவு செய்யவில்லை. வெறுக்கத்தக்க சங்கத்துக்கு ஒரு நீதி, போற்றத்தக்க சங்கத்துக்கு இன்னொரு நீதியா என்ற ஐயத்தை அது எழுப்பத்தான் செய்தது. ஆனால் நிறுமத்தின் உரிமை என்ற பழைய பாதையில் செல்லாமல், அதற்குப் பின்னால் நிற்கும் மனிதரின் உரிமையிலிருந்து தொடங்கியதில்தான் தீர்ப்பின் புதுமை இருக்கிறது. பெரியாவில் தொடாமல் விடப்பட்ட வினா அதுவே.

சுதந்திரம் பற்றிய பாடநூல்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. அலபாமா நிற்கவில்லை. 1959இல் மாநில உச்ச நீதிமன்றம், மேல் நீதிமன்றம் உண்மைகளைத் தவறாகப் புரிந்துகொண்டது என்று கூறி, அதே அவமதிப்புத் தீர்ப்பையும் அதே 1,00,000 டாலர் அபராதத்தையும் மீண்டும் உறுதி செய்தது. சூன் மாதத்தில் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் அதை மீண்டும் நீக்கியது. அதற்குப் பிறகும் தடையாணை மீதான விசாரணை தொடங்கவில்லை. சங்கம் கூட்டாட்சி நீதிமன்றங்களை நாட, 1961 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நாள் குறித்தது: 1962 சனவரி 2க்குள் மாநிலம் விசாரிக்காவிட்டால் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் விசாரிக்கும். கெடு முடிய நான்கு நாள் இருக்கையில், 1961 டிசம்பர் 29 அன்று, நீதிபதி ஜோன்ஸ் தற்காலிகத் தடையை நிரந்தரத் தடையாக்கித் தீர்ப்பளித்தார். இதற்கிடையே ஜான் பேட்டர்சன், 1958 தேர்தலில் ஜார்ஜ் வாலஸைத் தோற்கடித்து, மாநிலத்தின் ஆளுநராகவே ஆகிவிட்டிருந்தார்.

1963 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளிய காரணம் நடைமுறைச் சட்ட வரலாற்றில் தனியிடம் பெறத் தக்கது. சங்கத்தின் வாதவுரையில், கீழ் நீதிமன்றம் செய்ததாகச் சுட்டிய பல பிழைகள் ஒரே தலைப்பின் கீழ்த் தொகுத்து வாதிடப்பட்டிருக்கின்றன, அவ்வாறு தொகுத்தவற்றுள் ஒன்று பொருளற்றதாக இருந்தாலும் மற்றவற்றை நீதிமன்றம் பார்க்க வேண்டியதில்லை என்றது அது. எண்ணிட்ட பிரிவுகளாகத் தெளிவாக எழுதப்பட்டிருந்த உரைக்கு இந்த விதியைப் பொருத்தியது பொருளற்ற கடுமை என்று ஹார்லன் 1964 சூன் 1ஆம் நாள் எழுதினார். முதல் தடையாணைக்கு அன்று சரியாக எட்டு ஆண்டுகள். மீண்டும் ஒருமனதான அத்தீர்ப்பில் அவர் மாநிலத்தின் குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்து, மாணவர்க்கு உதவியதும் புறக்கணிப்பை ஆதரித்ததும் ஓர் அமைப்பை வெளியேற்றக் காரணமாகா என்று கண்டார். இந்த வழக்கு உண்மையில் ஒரு நிறுமம் மாநிலத்தில் தொழில் செய்யும் சலுகையைப் பற்றியதன்று, மனிதர் கூடிக் கருத்துரைக்கும் சுதந்திரத்தைப் பற்றியது என்பது அவர் முடிவு. தடையை நீக்கி, பதிவு செய்யச் சங்கத்தை அனுமதிக்கும் ஆணையை விரைவாகப் பிறப்பிக்குமாறு மாநில நீதிமன்றத்துக்கு அறிவுறுத்தி, தாமதமானால் நேரே தங்களிடமே வரலாம் என்று சங்கத்துக்கு வழியும் விட்டார். நீதிபதி ஜோன்ஸ் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துபோயிருந்தார்.

அயல் நிறுமச் சட்டத்தின் மேல் இத்தீர்ப்புகள் கை வைக்கவில்லை என்பதை அழுத்திக் கூற வேண்டும். 1952இல் அமெரிக்க வழக்கறிஞர் மன்றத்தினர் வகுத்த மாதிரி இலாப நோக்கற்ற நிறுமச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும், அலபாமாவில் தெளிவற்றிருந்ததைத் தெளிவாக்கிச் சட்டத்தில் எழுதின: இலாப நோக்கற்ற அயல் நிறுமமும் சான்றிதழ் பெற வேண்டும், உறுப்பினர் கூட்டம் நடத்துவது, வங்கிக் கணக்கு வைத்திருப்பது, வழக்காடுவது போன்றவை மட்டும் செய்பவர்க்கு அது தேவையில்லை. ஆண்டறிக்கை வராவிட்டால் அல்லது முகவர் இல்லாமற்போனால் மாநிலச் செயலாளர் அறிவிப்பு அனுப்பி, குறையைச் சரிசெய்யக் காலம் அளித்து, அதன் பின்னரே சான்றிதழை நீக்கலாம். நீக்கத்தை எதிர்த்து நீதிமன்றம் செல்லலாம். நீக்கிய பின்னும் பழைய கடன்களுக்கான அழைப்பாணையை மாநிலச் செயலாளரிடமே கொடுத்து வழக்காடலாம். இன்று ஆண்டுதோறும் பல சங்கங்கள் அறிக்கை அனுப்ப மறந்து இவ்வாறு உரிமையிழந்து, கட்டணம் கட்டித் திரும்பப் பெறுகின்றன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எட்டாண்டு வழக்கில் சங்கத்துக்கு மறுக்கப்பட்டதோ குறையைச் சரிசெய்யும் இந்த அற்பமான வாய்ப்புத்தான்.

பட்டியல் பற்றிய சண்டை மட்டும் ஓயவில்லை. கலிபோர்னியாவில் நன்கொடை திரட்டும் அறக்கட்டளைகள், எங்கே பதிவானவையாக இருந்தாலும், அம்மாநிலத் தலைமை வழக்குரைஞரிடம் பதிந்து பெருந்தொகை கொடுத்தோரின் பெயர்களையும் அளிக்க வேண்டும் என்ற விதி இருந்தது. நெடுநாள் கண்டுகொள்ளப்படாத அந்த விதியை 2010க்குப் பின் மாநிலம் இறுக்கி, பெயர் தராவிட்டால் பதிவை நிறுத்திவைப்பதாக எச்சரித்தது. எதிர்த்து வழக்காடியவை அமெரிக்கன்ஸ் ஃபார் பிராஸ்பெரிட்டி அறக்கட்டளையும் மிச்சிகனின் தாமஸ் மோர் சட்ட மையமும், அதாவது வலதுசாரிச் செல்வந்தரும் பழமைவாதிகளும் ஆதரிக்கும் இரு அமைப்புகள். 2021 சூலை 1 அன்று ஆறு நீதிபதிகள் மூவரை விஞ்சி, 1958ஆம் ஆண்டு அலபாமா தீர்ப்பைச் சுட்டி, அந்த விதியை நீக்கினர். தேசியச் சங்கத்தின் வழக்குப் பிரிவாகத் தோன்றிப் பின்னர் தனி அமைப்பாகிவிட்ட சட்டப் பாதுகாப்பு நிதியம், தன் அரசியலுக்கு எதிர்க்கரையில் நிற்கும் அந்த இரு அறக்கட்டளைகளை ஆதரித்தே நீதிமன்றத்தில் உரை தாக்கல் செய்திருந்தது. மறுத்த மூவரும் அதே அலபாமா தீர்ப்பைத்தான் கையில் எடுத்தனர். 1956இன் உறுப்பினர்கள் சந்தித்த ஆபத்துக்கு இணையான எதையும் இந்த நன்கொடையாளர்கள் மெய்ப்பிக்கவில்லை என்பது அவர்களின் வாதம்.